குளிர்கால விடுமுறைக்கு முன்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வும் ஆண்டு விழாவும் முடிந்து விடுமுறை வந்துவிட்டது. தேர்ச்சி விகிதம் திருப்தியாக இருக்கிறது. கோ-கோவில் நம் மாணவிகளுக்கு இரண்டாம் இடம். குறள் ஒப்புவித்தல், ஓவியம், அறிவியல் கண்காட்சி எல்லாவற்றிலும் வழக்கம்போலப் பரிசுகள் வந்தன. அனைவருக்கும் பாராட்டுகள். மாடிக் குடிநீர்க் குழாய்களையும் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டோம்.

சரி, இப்போது சீக்கியர்கள் மதிக்கும் துணிகளை நாம் கையாண்ட விஷயத்துக்கு வருகிறேன்.

நவம்பரில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இங்கே தில்லியில் உள்ள பங்களா சாஹிப் குருத்வாராவுக்கு, அதாவது சீக்கியர் கோயிலுக்கு, அழைத்துப் போனோம். ஒரு காலத்தில் ராஜா ஜெய்சிங்கின் மாளிகை இருந்த இடம் அது. 1664-இல் சீக்கியர்களின் எட்டாம் குரு ஹர் கிரிஷன் அங்கே தங்கி, அம்மை கண்டவர்களுக்குத் தொண்டு செய்து, அந்த ஆண்டே தாமும் அம்மையில் மறைந்தார். அப்போது அவருக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை என்று சொன்னதும், எப்போதும் இரைச்சல் போடும் நான்காம் வகுப்பு வாயே திறக்காமல் நின்றது. லங்கரில், அதாவது குருத்வாராவில் எல்லாருக்கும் இலவசமாக உணவு பரிமாறும் இடத்தில், எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதுவரை நன்றாகத்தான் போயிற்று.

குருத்வாரா வாசலில் தலையை மூடிக்கொள்ளத் துணிகள் வைத்திருப்பார்கள். ஆண், பெண், சிறியவர், பெரியவர் யாரானாலும் தலையை மூடாமல் உள்ளே போகக் கூடாது, தொப்பி உதவாது. வெளியே வரும்போது அந்தத் துணியை எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். நம் பிள்ளைகள் சிலர் போடவில்லை. மறுநாள் கரும்பலகை துடைக்க ஒன்று, மட்டையின் பிடியில் சுற்ற ஒன்று, டிபன் பாக்ஸைக் கட்ட ஒன்று என்று வகுப்புகளில் மட்டும் பதினொரு துணிகள் அகப்பட்டன. வீடுகளில் எத்தனை இருக்கின்றனவோ!

அதையாவது பிள்ளைகளின் மறதி என்று விடலாம். ஆண்டு விழாவில் நடந்ததை அப்படி விட முடியவில்லை. நாடகத்தில் ராஜாவாக நடித்த பிள்ளையின் தோளில் நீலப் பட்டு ஒன்று பளபளத்ததே, நினைவிருக்கும். அதற்கு ஜோடியான சின்னத் துணிதான் குத்துவிளக்கு மேசைக்கு விரிப்பு. குருத்வாரா பக்கத்துக் கடையில் அழகாக, மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பெற்றோர் ஆசையோடு வாங்கித் தந்தது. அவர்மேல் தவறு சொல்லமாட்டேன். அதன் நடுவில் ஜரிகையில், இறைவன் ஒருவனே என்று சொல்லும் சீக்கியரின் புனிதச் சின்னமான இக் ஓங்கார் பின்னியிருந்ததை ஒத்திகையிலேயே பார்த்திருக்க வேண்டியவன் நான். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சர்தார்ஜி வீட்டுப் பாட்டி பாதி நாடகத்தில் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை அவருடைய மருமகள் வந்தார். சண்டை போடவில்லை. "சார், அது எங்கள் குருவின் உடுப்பு" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் துணியின் பெயர் ருமாலா சாஹிப். 1708-இல் நாந்தேடில் பத்தாம் குரு கோபிந்த் சிங், தமக்குப் பின் மனித குரு இல்லை, கிரந்தம் என்னும் புனித நூலே குரு என்று அறிவித்தார். அதனால் 1,430 பக்கங்கள் கொண்ட குரு கிரந்த சாஹிப் அவர்களுக்கு வெறும் புத்தகம் அல்ல, அமர்ந்திருக்கும் குரு. மேலே விதானம் கட்டி, சாமரம் வீசி, ஓதாத நேரத்தில் ருமாலாவால் மூடி வைப்பார்கள். இரவில் துணிகளால் போர்த்தி, தலையில் சுமந்து, அதற்கென்று இருக்கும் அறைக்குக் கொண்டுபோவார்கள். கல்யாணம் நடந்தாலும் குழந்தை பிறந்தாலும் குடும்பத்தார் ஒரு ருமாலா வாங்கிச் சமர்ப்பிப்பது வழக்கம். அதற்காகத்தான் கடைகளில் அது அத்தனை நிறங்களில் தொங்குகிறது. மேசை விரிப்புக்காக அல்ல.

"இன்னும் சாத்தாத துணிதானே சார்" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அம்மனுக்கென்று எடுத்து வைத்த புடவையை, இன்னும் சாத்தவில்லையே என்று நம் வீட்டில் யாராவது உடுத்துவார்களா?

பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பாரசீகத்தில் ரூமால் என்றால் முகம் துடைப்பது. இங்கே தில்லியில் அது கைக்குட்டை. நம் கொங்குக் கல்யாணங்களில் மாப்பிள்ளை தலையில் கட்டும் உருமாலும் அதே சொல்தான். ருமாலா என்று ஓர் எழுத்து நீண்டால் மரியாதை எங்கேயோ உயர்ந்துவிடுகிறது. சிரோபா என்று ஒன்றும் உண்டு; தலை முதல் பாதம் வரை என்று பொருள். குருத்வாராவில் ஒருவரைக் கௌரவிக்கத் தரும் துணி, நம் கோயில்களில் கட்டும் பரிவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன். துண்டாகப் பயன்படுத்தலாமே என்று வீட்டில் ஒருமுறை யோசனை வந்தது, அப்போதே மறுத்துவிட்டேன்.

அப்புறம், இன்னொன்று. இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பருவத்தில் இடைவேளை நேரத்தில் இரண்டு முறை சீக்கியப் பையன்களின் பட்காவைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வெட்டாத தலைமுடியைக் காலையில் அம்மா வாரி, உச்சியில் முடிந்து, அதன்மேல் இறுகக் கட்டி அனுப்புகிற துணி அது. அவிழ்ந்தால் அந்தப் பிள்ளையால் தானாகத் திரும்பக் கட்டிக்கொள்ள முடியாது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கடைசி மணி அடிக்கும்வரை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சும்மா விளையாட்டு சார்" என்ற பதிலை இனி நான் ஏற்கமாட்டேன். ஜனவரி முதல், அடுத்தவர் தலைத்துணியைத் தொடும் பிள்ளையின் பெற்றோர் அன்றைக்கே பள்ளிக்கு வர வேண்டியிருக்கும். முதல் தடவைதானே என்ற சலுகை கிடையாது. வீட்டில் சர்தார்ஜி ஜோக் சொல்லிச் சிரிக்கிற பழக்கம் இருந்தால், தயவுசெய்து அதையும் நிறுத்துங்கள். பிள்ளைகள் அதை எங்கிருந்து எடுத்துவருகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

உங்களில் பலருக்கு இதைச் சொல்லவே தேவையில்லை என்பதும் தெரியும். மறந்து கொண்டுவந்த துணியைத் தாமாகவே துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து தந்த இரண்டு அம்மாக்களுக்கு என் நன்றி. நீலப் பட்டு வாங்கித் தந்தவர் விஷயம் தெரிந்ததும் அந்தப் பாட்டியை வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் போனேன். துணியை என்ன செய்வது என்று கேட்டதற்கு, குருத்வாராவில் ஒப்படைத்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார் பாட்டி. ஒப்படைத்தாயிற்று.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் அந்தப் பாட்டியே நான்காம் வகுப்புக்கு வந்து பட்கா கட்டுவது எப்படி என்று காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பார்க்க விரும்பும் பெற்றோரும் வரலாம். வீட்டில் அந்தத் தலைத்துணிகள் இருந்தால் துவைத்து அனுப்புங்கள். அலுவலக அறை வாசலில் ஒரு கூடை வைத்திருக்கிறோம், யார் போட்டது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

குளிர் கடுமையாக இருக்கிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவம் முழுவதும் துணை நின்ற உங்கள் எல்லாருக்கும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்