கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியருக்கு வணக்கம்.

'வாய்ப்புக் கிடைத்தால் விண்வெளிக்குப் போவீர்களா?' என்று கேட்பவர்கள் எந்தப் பயணம் என்று சொல்வதில்லை. 100 கி.மீ. உயரத்தைத் தொட்டுத் திரும்பும் பயணத்தில் எடையின்மை மூன்று, நான்கு நிமிடம்தான். பூமியைச் சுற்றிவருவது வேறு ரகம். மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் செல்லும் கலம், திரும்பும்போது காற்றில் மோதியே அந்த வேகத்தைத் தணிக்க வேண்டும். அப்போது எழும் கடும் வெப்பத்தைத் தாங்கும் கவசம் பழுதானால் தப்ப வழியில்லை. 2003இல் கொலம்பியா என்ற அமெரிக்க விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) அப்படித்தான் சிதறியது. ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பை உடைத்திருந்தது; 16 நாள் கழித்து, இறங்கும்போதுதான் அது ஏழு உயிர்களைப் பறித்தது.

அமெரிக்க விண்ணோடங்கள் 135 முறை பறந்தன. இரண்டு அழிந்தன, 14 பேர் இறந்தனர். ஏறக்குறைய 67க்கு ஒன்று! இந்தக் கணக்கில் பறக்கும் விமானத்தில் யாராவது ஏறுவார்களா?

1971இல் சோவியத் விண்கலமான சோயுஸ் 11இன் வீரர்கள் மூவரைக் கொன்றது, முன்கூட்டியே திறந்துகொண்டு காற்றை வெளியேற்றிய ஒரு வால்வு. கலத்தில் காற்று போனாலும் உயிர்காக்கும் அழுத்த உடையை அவர்கள் அணிந்திருக்கவில்லை.

அமெரிக்காவில் பயணி ஆபத்தை அறிந்தே வருவதாக எழுதிக்கொடுக்க வேண்டும். கலம் பாதுகாப்பானது என்று அரசு சான்றளிப்பதில்லை. ஆகவே போக விரும்புவோர் அழுத்த உடை உண்டா, ராக்கெட் பழுதானால் கலம் தனியே விலகுமா, இதே வகைக் கலம் எத்தனை முறை பறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்