11 சாக்பீஸ் வட்டங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பந்தயத்தில் எங்கள் காரை ஓட்டிய நண்பன் வீட்டுக்கு வந்துவிட்டான். தோளில் பெல்ட் அழுத்திய தடம் கறுத்துப்போய் இருக்கிறது, கழுத்தைத் திருப்பினால் முகம் சுளிக்கிறான், மற்றபடி வாய் பழையபடி ஓடுகிறது. கண்ணைத் திறந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எஞ்சின் தப்பிச்சுதா?" ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் கார் உருண்டதை நான் இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், நான்தான் இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை, இரண்டாவது உருளலிலேயே நிறுத்திவிடுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. கொடியைப் போட்டுவிட்டு ஓடிவந்த மார்ஷல்கள், கார் உருண்டு நிற்பதற்குள் தீயணைப்பானோடு பக்கத்தில் நின்றவர், "நானே இறங்கிக்கிறேன்" என்று அவன் துள்ளியபோதும் கழுத்தைப் பிடித்து அசையவிடாமல் வைத்திருந்த மருத்துவக் குழு, தங்கள் ஓட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் நசுங்கிய காரை டிரெய்லரில் ஏற்றிக் கட்டித் தந்த பக்கத்துப் பிட் ஆட்கள் (அன்று காலையில்தான் அவர்கள் காரின் பெயின்ட்டைக் கிண்டல் செய்துகொண்டிருந்தோம்), எட்டு மாதம் கிரைண்டர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், கேரேஜை எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு சொந்தக் காரை வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்த அவனுடைய அம்மா, அப்பா. உங்கள் எல்லோரிடமும் நேரில் வந்து சொல்வேன். இப்போதைக்கு இது.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது வேறு ஒருவருக்காக. அவர் அன்று பந்தயத்துக்கே வரவில்லை.

பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் எங்கள் காரை முன்சோதனையில் நிராகரித்தாரே, அந்த ஸ்க்ரூட்டினி அதிகாரி, கார் பந்தயத்தில் ஓடப் பாதுகாப்பானதா என்று சோதிப்பவர். அன்று ராத்திரி நாங்கள் அவரைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்டவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். அவருக்கு வேலை வெட்டி இல்லை, கையில் காசு இல்லாதவன் பந்தயத்துக்கு வருவது பிடிக்கவில்லை, இன்னும் என்னென்னவோ. அதில் என் குரல்தான் ஓங்கி இருந்தது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, இதை என் கூட்டாளிகள் நாலு பேரும் இங்கேதான் முதன்முதலாகப் படிக்கப்போகிறார்கள்.

கார் உருண்டால் ஓட்டுனரைக் காப்பாற்ற உள்ளே ஒரு குழாய்க் கூண்டு இருக்கும், ரோல் கேஜ் என்று சொல்வோம், அதன் வெல்டிங் முழுக்க நான் செய்தது. குழாய் நல்ல குழாய்தான். சீட்டுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் முக்கியக் குழாயான மெயின் ஹூப்புக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், தையல் இல்லாதது, அதில் நாங்கள் கஞ்சத்தனம் செய்யவில்லை. பிரச்சினை கூரையில். கூண்டைக் காருக்குள் நிறுத்திவிட்டால் மேல் மூட்டுகளுக்கும் கூரைத் தகடுக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான் இருக்கும், வெல்டிங் டார்ச் நுழையாது. ஆனால் மூட்டைச் சுற்றி முழு வட்டமும் வெல்டு வந்தாக வேண்டும். நான் கீழேயிருந்து, இரண்டு பக்கவாட்டிலிருந்து, எட்டியவரை போட்டேன். மேலே ஒரு விரல் அகலம் விட்டுப்போனது. அதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் முழுக் கூண்டையும் கழற்ற வேண்டும், தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, அன்றைக்கு ஷெட்டில் நான் மட்டும்தான். பட்டி பார்க்கிற டப்பா பக்கத்தில் இருந்தது. அப்பினேன், தேய்த்தேன், மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தேன்.

அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தார், பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, அந்த மாதிரி நீளக் காம்பு வைத்த சின்ன வட்டக் கண்ணாடி. கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். அப்புறம் விரலை உள்ளே நுழைத்து நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக ஒரு சிட்டிகை பொடி சீட் மேல் விழுந்தது. அவர் அந்தப் பொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கூட்டாளிகள் வெளியே சீட் பெல்ட்டின் காலாவதித் தேதியைப் பற்றி அவருடைய உதவியாளரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் என் உடம்பிலிருந்த ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கியதுபோல நின்றேன்.

அவர் சீட் மேலிருந்த பொடியைக் கையால் தட்டிவிட்டார். தாளில் எழுதினார்: "மேல் மூட்டுகளில் வெல்டிங் முழுமையில்லை. மறுசோதனை தேவை." அவ்வளவுதான். பட்டி என்ற சொல் அந்தத் தாளில் இல்லை.

அவர் அதை எழுதியிருந்தால் நியாயம். என்னை அவர்கள் எதிரில் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் நியாயம். அப்படி நடந்திருந்தால் நான் அன்றோடு டார்ச்சைக் கீழே போட்டிருப்பேன், ஒருவேளை இந்த நட்பும் அதோடு போயிருக்கும். அவர் எனக்கு ஒரு வழி விட்டார், நான் என்ன செய்தேன், வீட்டுக்கு வந்து அவரைத் திட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் கேரேஜ் வாசலில் வந்து நின்றார். வேலை நாள் இல்லை, அடையாள அட்டை இல்லை, கையில் ஒரு சாக்பீஸ் டப்பா. எங்களில் ஒருவன், யாரைப் பார்த்தாலும் ஒப்பிக்கிற கதையை அவரிடமும் எடுத்துவிட்டான்: 1946-ல் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் இரண்டு பழைய ஃபியட் டோப்போலினோ கார்களின் முன்பக்கத்தை வெட்டி முதுகோடு முதுகாக ஒட்டி, பின்னால் மோட்டார்சைக்கிள் எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டினார்கள், அதே கூப்பர்தான் 1959-லும் 1960-லும் ஃபார்முலா ஒன் பட்டத்தை வாங்கியது, நாங்களும் அந்த ஜாதிதான் சார் என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தலைக்கு மேல ஒரு குழாய் கட்டாயம்னு ஃபார்முலா ஒன்ல 1961-லதான் வந்துது தம்பி. அதுக்கு முன்னாடி உருண்ட கார்ல இருந்தவங்க கதையையும் சேர்த்துச் சொல்லு" என்றார். அந்தக் கதையை நாங்கள் அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் என் கூட்டாளிகளை ஆளுக்கொரு வேலையாக வெளியே அனுப்பினார். நாங்கள் இருவரும் மட்டும் இருந்தபோது கேட்டார், "தெரிஞ்சுதானே செஞ்ச?"

"ஆமா சார்."

"சரி, பிடி" என்று சாக்பீஸைக் கொடுத்தார்.

கண்ணாடியை வைத்து அவர் காட்டிக்காட்டி வர, நான் வட்டம் போட்டேன், பக்கத்தில் எண் போட்டேன். நாலைந்து இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 11 வந்தது.

வழி அவர் சொன்னதுதான். கூண்டின் கால்களைத் தரைத்தகட்டிலிருந்து அறுத்துவிடு, கால் நிற்கிற இடத்தில் தரையில் ஓட்டை போடு, கூண்டை ஒரு சாண் கீழே இறக்கு. இப்போது கூரைக்கும் மூட்டுக்கும் நடுவே டார்ச் தாராளமாக நுழையும். வட்டத்தை முடி, கூண்டை மேலே தூக்கு, காலுக்கு அடியில் எஃகுப் பெட்டி கட்டி வெல்டு போடு. கேட்டதும் இவ்வளவுதானா என்று இருந்தது. இந்த வேலையில் பழகியவர்கள் செய்கிற வழக்கமான வேலை, எங்களுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

அதற்கு முன்னால் என்னை இரண்டு துண்டுக் குழாயை ஒட்டச் சொன்னார். ஒட்டினேன், பார்க்க அழகாக இருந்தது. ரம்பத்தால் குறுக்கே அறுக்கச் சொன்னார். உள்ளே பார்த்தால் வெல்டு குழாயோடு சேரவே இல்லை, மேலே உருகிய மெழுகு மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆறாவது துண்டில்தான் தலையை ஆட்டினார். நடுவில் கை நடுங்கி, "நீங்களே ஒண்ணு போட்டுக் காட்டுங்க சார்" என்று டார்ச்சை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் போட்டா அதை நான் சோதிக்க முடியாது." கவிழ்த்துவைத்த பெயின்ட் வாளி மேல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார், ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை.

மறுசோதனையில் அதே கண்ணாடி, 11 இடம், கையெழுத்து. ஒரு புன்னகைகூட இல்லை.

திங்கட்கிழமை நசுங்கிய காருக்குள் நான் தலையை விட்டேன், இப்போது என்னிடமும் ஒரு கண்ணாடி இருக்கிறது. ஹூப் வளைந்திருக்கிறது, கூரை குழாயோடு ஒட்டிப்போயிருக்கிறது. ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். வெல்டு எங்கே பாதியில் நிற்கிறதோ அங்கேதான் கிழிய ஆரம்பிக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். எதிலும் மயிரிழை விரிசல் இல்லை. ஏழாவது மூட்டு ஓட்டுனர் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. அதைப் பார்த்தபோது கேரேஜில் யாரும் இல்லை என்பது நல்லதாகப் போயிற்று.

இந்த மாதிரி மலிவுக் கார் பந்தயங்களில் காருக்குத்தான் பெரும்பாலும் விலை வரம்பு, கூண்டும் சீட்டும் பெல்ட்டும் அந்தக் கணக்கில் வராது. அந்த விதியை ஆயிரம் தடவை படித்திருக்கிறேன். நான் மிச்சம் பிடித்தது காசை இல்லை, ஒரு ராத்திரித் தூக்கத்தை. கூட்டாளிகளே, இதற்காக என்ன திட்ட வேண்டுமோ திட்டுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இனி நான் போடுகிற எந்த வெல்டும் இன்னொருவர் கண்ணாடி வைத்துப் பார்க்கும்வரை பெயின்ட் ஏறாது. முதல் கார் கட்டுகிறோம், வந்து பாருங்கள் என்று யார் கூப்பிட்டாலும் வருவேன், சாக்பீஸோடு.

அடுத்த கார் உண்டா என்று கேட்கிறீர்கள். அவன் படுத்துக்கொண்டே ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும், மன்னிக்கணும் அம்மா.

வளைந்த கூண்டை மறுபடி பயன்படுத்த முடியாது, நேற்று அறுத்துப் போட்டோம். ஏழாவது மூட்டில் குழாயைச் சுற்றிய பஞ்சுறைக்கு உள்ளே பெயின்ட் படாமல் விட்ட ஓர் இடத்தில் என் கையெழுத்தில் சாக்பீஸ் 7 பாதி அழிந்து இருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் தனியாக அறுத்து வைத்திருக்கிறேன். சார், எந்த சனிக்கிழமை வீட்டில் இருப்பீர்கள்?