நெவாதிமிலிருந்து மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ரப்பர் நிலத்தை விற்றுவிடலாமா என்று கேட்டாய். ஃபோனில் சட்டென்று பதில் சொல்ல மனசு வரவில்லை. அதற்கு முன்னால் நான் இருக்கும் ஊரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நெவாதிம் இஸ்ரேலில், பெயெர்செபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆபிரகாம் துரவு வெட்டி, அதற்குச் சாட்சியாக ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைக் கொடுத்தாரே, அந்தப் பெயெர்செபாதான். வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 200 மில்லிமீட்டர். நமக்கு ஒரே ஐப்பசியில் அவ்வளவு பெய்துவிடும். 1946-ல் இங்கே முதலில் குடியேறியவர்கள் நிலைக்கவில்லை. 1954-ல் கேரளத்துக் கொச்சியிலிருந்து யூதர்கள் வந்தார்கள். நான் பார்த்துக்கொள்ளும் அம்மச்சியும் அப்படிச் சிறு பெண்ணாக வந்தவர்தான். நம் குமரிப் பக்கத்து மலையாளம் எனக்கு இங்கே சோறு போடுகிறது, மக்ளே. அம்மச்சி தன் மகன்களிடம் ஹீப்ருவில் அதட்டுவார், வலி வந்தால் என்னிடம் மலையாளத்தில்தான் அழுவார்.

அவருடைய அப்பா கொச்சியில் சின்னக் கடை வைத்திருந்தவர், மண்வெட்டி பிடித்தவரில்லை. இங்கே வீட்டையும் நிலத்தையும் கொடுத்து, விவசாயம் செய் என்று விட்டுவிட்டார்கள். இதை மோஷாவ் என்கிறார்கள். நிலம் அரசாங்கத்துடையது, அதைக் குத்தகைக்கு எடுத்து அவரவர் குடும்பம் தனித்தனியாகப் பயிர் செய்யும். வாங்குவதும் விற்பதும் நம்மூர் பால் சொசைட்டி மாதிரி சேர்ந்து. கோழி வளர்த்தார்கள், கூடாரம் போட்டுப் பூ வளர்த்தார்கள். நெவாதிமோடு ஒரே ராத்திரியில் தொடங்கிய ஹட்சேரிம் என்ற ஊரில்தான் 1965-ல் சொட்டு நீர்ப் பாசனத்துக்கு நெட்டாஃபிம் கம்பெனி வந்தது. அந்தக் கறுப்புக் குழாய் இல்லாத வயலே இந்தப் பக்கம் கிடையாது. இப்போது இஸ்ரேல் வயல்களில் இறங்கி வேலை செய்பவர்களில் நிறையப் பேர் தாய்லாந்துக்காரர்கள். என்னைப் போல பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள்.

நாம் பைபிளில் லேவியராகமத்தை வாசிக்கும்போது பக்கங்களைத் தள்ளிவிடுவோம் அல்லவா? இங்கே அதை வைத்துத்தான் விவசாயம் நடக்கிறது. அம்மச்சி வீட்டு முற்றத்தில் மாதுளங்கன்று ஒன்று நிற்கிறது. போன வருஷம் கை நிறையக் காய்த்தது. நட்டு மூன்று வருஷம் ஆகாததால் ஒன்றையும் தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டார். நானே பறித்துப் போட்டேன், ஒன்று வெடித்து முத்து முத்தாகச் சிவந்திருந்தது. மனசு கேட்கவில்லை. அவருக்கு அதில் வருத்தமே இல்லை, "காலம் வரும்போது தின்னலாம்" என்றார்.

ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு. கடைசியாக 2021 செப்டம்பரில் தொடங்கியது, அடுத்தது 2028-ல். அந்த வருஷம் சிலர் நிலத்தைச் சும்மா போடுகிறார்கள். பலர் யூதரல்லாத ஒருவருக்கு விற்றதாகப் பத்திரம் எழுதிவிட்டுப் பயிர் செய்கிறார்கள், வருஷம் முடிந்ததும் நிலம் திரும்பி வந்துவிடும். ஏய்ப்பு என்று சொல்லும் ரபீக்களும், அதாவது யூத மதகுருக்களும், உண்டு. வயிற்றுப்பாட்டுக்கும் வேதத்துக்கும் நடுவில் நின்று தவிக்கிறவனுடைய வழி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நிலத்தை அறுதியாய் விற்க வேண்டாம், தேசம் என்னுடையது என்று கர்த்தர் சொல்வது லேவியராகமம் 25-ல்தான். அம்மச்சி குடும்பம் கப்பலேறுவதற்கு முன் ஊரில் இருந்ததையெல்லாம் விற்றது. இங்கே கேரளத்துப் பாணியில் ஜெப ஆலயம் கட்டியிருக்கிறார்கள், கொச்சியின் நினைவுக்கு ஒரு மியூசியமும் இருக்கிறது. ஆனாலும் அந்த வீட்டு மனையைப் பற்றி அவர் பேசாத வாரம் இல்லை.

விமானப்படைத் தளம் பக்கத்தில் என்று பயப்படாதே. சைரன் அடித்தால் பாதுகாப்பு அறைக்குள் அம்மச்சியையும் தள்ளிக்கொண்டு போய்விடுவேன்.

சரி, நிலத்துக்கு வருகிறேன். ரப்பர் பால் விலை குறைவு, கடன் நெருக்குகிறது, எல்லாம் தெரியும். பால் வெட்டக் குத்தகைக்குக் கேட்டால் கொடு. வட்டிக்கு இந்த மாசம் கூடுதலாக அனுப்புகிறேன். பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதே, நான் வந்த பிறகு உட்கார்ந்து பேசுவோம். மருமகளிடமும் இதை வாசித்துக் காட்டு, அவள் என்ன நினைக்கிறாள் என்று எழுது.

அன்புடன்,
அம்மா