தாத்தா சுவரைத் தடவும் காட்சியை வெட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வார இதழின் சினிமாப் பக்கத்தில் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தைப் பற்றி வந்த விமர்சனத்தை வாசித்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

படம் மெதுவாக நகர்கிறதாம். தாத்தா கட்டி முடியாத வீட்டைச் சுற்றிப் பார்க்கும் காட்சி கதைக்கு எதையும் சேர்க்கவில்லையாம், பாதியாக வெட்டியிருக்கலாமாம். காணி ஏற்கெனவே அரசு எடுத்தது என்று கடைசியில் தெரியவருவது நம்பும்படி இல்லையாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1988இல் வந்த படம். வேலைக்குப் போகும் சுதா, அவளுடைய தங்கை, தாத்தா என்று மூன்று பேர். வாடகை வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறார்கள். வளசரவாக்கத்தில் இருக்கும் இரண்டு மனைகளில் ஒன்றை விற்று மற்றதில் வீடு கட்டத் தொடங்குகிறார்கள். கடன், லஞ்சம், சீமெந்து திருடும் கொந்தராத்துக்காரர், எல்லாவற்றையும் தாண்டி வீடு எழும்புகிறது. சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா ஒருநாள் தனியாகப் போய் அதைப் பார்க்கிறார். சுவரைத் தடவுகிறார். முகம் குழந்தையின் முகம் மாதிரி ஆகிவிடுகிறது. திரும்பி வரும் வழியிலேயே விழுந்து இறந்துபோகிறார்.

அவர் சுவரைத் தடவும் அந்த நேரத்தை வெட்டிவிட்டால் பிறகு வரும் சாவு வெறும் தகவலாகிவிடும். அவர் எதைக் கண்ட சந்தோஷத்தோடு செத்தார் என்பது நமக்குத் தெரியாது. இந்தப் படத்தை இயக்கியவரும் படம்பிடித்தவரும் வெட்டி ஒட்டியவரும் ஒரே ஆள்தான். கத்தரிக்கோல் அவர் கையிலேயே இருந்தது. பாட்டே இல்லாமல் தமிழ்ப் படம் எடுக்கத் துணிந்த ஒருவர் ஒரு காட்சியைத் தெரியாத்தனமாக நீள விட்டிருப்பாரா?

நான் அதை முதலில் பார்த்தது இளவயதில். போன வருடம் வீட்டு டிவியில் யூடியூப்பைப் போட்டு மறுபடி பார்த்தபோது பக்கத்தில் என் பெரியம்மா இருந்தார். மூதூர்ப் பக்கம் சம்பூர்க்காரர். 2006இல் யுத்தத்தில் அங்கிருந்து ஓடி வந்தவர்கள் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் பக்க முகாம்களில் ஏறத்தாழப் பத்து வருடம் தகரக் கொட்டில்களில் இருந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். கையில் காணி உறுதிப் பத்திரம் இருந்தது, காணியை அரசு எடுத்து வைத்திருந்தது. 2015க்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். பெரியம்மா திரும்பிப் போய் வீடு கட்டத் தொடங்கியபோது நானும் போயிருக்கிறேன். பின்னேரமானால் மேசன்மார் போன பிறகு வாளியில் தண்ணீர் அள்ளிச் சுவருக்கு ஊற்றுவார். ஊற்றி முடித்தும் வரமாட்டார். குசினி வரப்போகும் இடத்தில், கூரை இல்லாமல், கல்லில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பார். நான் கூப்பிட்டால் "வாறன், வாறன்" என்பார். வரமாட்டார்.

படத்தில் தாத்தா வந்தபோது பெரியம்மா பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டார். கடைசியில் தண்ணீர்ப் பகுதி அதிகாரி வந்து இந்த இடம் எங்களுடையது என்று சொல்லும்போது என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "இவங்களுக்கும் அப்பிடித்தானோ?"

நம்பும்படி இல்லை என்று எழுதியவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். அவர் சென்னையைப் பற்றி எடுத்த படம் மூதூர்ப் பக்கத்தில் ஒரு கிழவிக்கு அவளுடைய சொந்தக் கதையாகத் தெரிகிறது. விமர்சனம் எழுத இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வந்த கட்டுரையில் முக்கால்வாசி கதைச்சுருக்கம். ஒளியைப் பற்றி ஒரு வரி இல்லை, சுதாவாக வரும் அர்ச்சனாவின் நடிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த நடிப்புக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. விருது கிடைத்ததால் படத்தைப் புகழுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதட்டும். பார்த்துவிட்டு எழுதட்டும்.

இது உங்கள் விமர்சகரிடம் மட்டும் உள்ள குறையும் இல்லை. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1958இல் நியூயோர்க்கில் திரையிடப்பட்டபோது அங்கே பெரிய பேர் வாங்கிய விமர்சகர் பாஸ்லி கிரவுதர், இவ்வளவு தளர்வான படம் ஹாலிவுட் எடிட்டர்களிடம் செம்மைப்படுத்தாத முதல் வெட்டாகத் தேறுவதே கஷ்டம் என்ற கருத்தில் எழுதினார். அங்கே சனம் மாதக்கணக்கில் போய்ப் பார்த்தது. நம் நாட்டில், தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' தியேட்டரில் ஓடவில்லை. இன்று இலங்கைத் தமிழ் சினிமா பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அதைத் தொடாமல் யாரும் போவதில்லை.

எனக்குக் கவலை எங்கள் பிள்ளைகளைப் பற்றித்தான். திருகோணமலையில் தியேட்டருக்கு வருவது பெரிய நடிகர்களின் படம். மற்றதெல்லாம் போனில்தான், அதையும் யாராவது சொல்லித்தான் தேடுவார்கள். பக்கத்து வீட்டில் ஏ.எல். படிக்கும் தம்பியிடம் இந்தப் படத்தைப் பார் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். உங்கள் பக்கம் வந்த அன்று மதிலடியில் நின்று, "அங்கிள், ரெண்டு ஸ்டார்தானே போட்டிருக்கு" என்றான். அவனில் பிழை சொல்ல முடியாது. பேப்பரில் அச்சாகி வந்ததை நம்பத்தானே நாங்களும் அவனுக்குப் பழக்கினோம்.

ஒன்று கேட்கிறேன். இனி ஒரு படத்தை மெதுவானது என்று எழுதுகிறவர் அந்த மெதுவான இடத்தில் என்ன நடந்தது, யார் முகத்தில் என்ன தெரிந்தது என்பதையும் இரண்டு வரியில் எழுதட்டும். எழுத முடியாவிட்டால் இன்னொரு தரம் பார்க்கட்டும்.

அந்தத் தம்பியை வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மாவும் சம்பூரிலிருந்து வருகிறார். தாத்தா வரும் இடத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.