கூடைக்கு 17 பட்டை

மக்கா,

உன் கடிதம் வந்தது ஆனியில். இப்போது ஆவணி. திட்டுவதை இந்த வரியோடு முடித்துக்கொள். அம்மாவின் முட்டுவலி எப்படி? கட்டையன் ஊருக்கு வந்துவிட்டான். அதே சிரிப்பு, அதே கடன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் காணிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்றதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உன் பாடத்திட்டத்தில் முதல் பாடமே கோலம்! கோலத்தில் கணினி அறிவியல் இருக்கிறது, மறுக்கவில்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் 1974-லேயே அதைக் கணினிக்கு ஏற்ற இலக்கண விதிகளாக எழுதிக் காட்டிவிட்டார்கள். ஆனால் அது உன் அம்மா போடுகிற கோலம்டே, அந்தப் பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் பிறந்தது இல்லை. பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் ஸ்க்ராட்ச் மென்பொருளில் பூனையை எடுத்துவிட்டு மிளா மானை வைப்பதும் இதே கதைதான். படம் மட்டும் காட்டுக்குப் போகும், பாடம் நாகர்கோவிலிலேயே நிற்கும்.

கூடையில் தொடங்கு. மூங்கில் கூடை முடைகிறவர் யாராவது அங்கே கட்டாயம் இருப்பார். நிற்கிற பட்டைகளை அவர் எண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார். ஒரே பட்டையை மேலே, கீழே, மேலே, கீழே என்று விடாமல் சுற்றிக்கொண்டே போக வேண்டுமானால், நிற்கிற பட்டை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். 16 வைத்தால் 17-வது குத்து (ஒரு பட்டையைத் தாண்டுவது ஒரு குத்து) மறுபடி முதல் பட்டைக்கு வரும், மறுபடியும் ‘மேலே’ என்றே வரும். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றையே திருப்பிச் செய்யும். பின்னல் பூட்டாது, இழுத்தால் பிரியும். 17 வைத்தால் முதல் பட்டைக்கு 18-வது குத்து வரும், அது ‘கீழே’. இரண்டால் வகுத்தால் மீதி என்ன என்ற கேள்விதான் இது, கேட்டியா! அதைக் கையால் கண்டுபிடித்தவர்களுக்கு நீ போய் மீதி காணும் ‘மாட்’ கட்டளையைப் புதுசாகச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய்.

முதல் வகுப்புக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். வாய் 8 செ.மீ. அகலமுள்ள காகிதக் கப்பை வாங்கு. வாய்ச் சுற்று 25 செ.மீ. சொச்சம் வரும், 1.5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு அடிவரை வெட்டினால் 16 முழுப் பட்டையும் 1.1-ல் ஒரு மெலிந்த பட்டையும் கிடைக்கும், ஆக 17. சுற்றுவதற்குத் துணிக்கீற்று நல்லது, காகிதம் கிழியும். பாதிப் பேருக்கு 16 பட்டைக் கப்பைக் கொடு, காரணம் சொல்லாதே. மூன்றாவது சுற்றில் அவர்களே கத்துவார்கள்.

அடுத்தது, இரண்டு மேலே இரண்டு கீழே. இங்கே நான்கால் வகுத்த மீதி பேசும். 20 பட்டை வைத்தால் பழைய வம்பே. 21 வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் பின்னல் ஒரு பட்டை நகர்ந்து சாய்கோடு வரும், 19 வைத்தால் அதே கோடு எதிர்ப்பக்கம் சாயும். 18-ல் சாய்கோடே வராது, இரண்டிரண்டாகக் கட்டம் கட்டமாக நிற்கும். இதை முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் ஸ்க்ராட்சைத் திற. எண் 0-லிருந்து ஓடட்டும். எண்ணைப் பட்டைத் தொகையால் வகுத்த மீதி நெடுவரிசை, ஈவு கிடைவரிசை, எண்ணை 4-ஆல் வகுத்த மீதி 2-க்குக் கீழே என்றால் ஒரு கட்டம் பதி. கட்டம் 20 அலகு, எக்ஸ் −200-இல் தொடங்கினால் 21 பட்டையும் திரைக்குள் அடங்கும். எண்ணை 1-லிருந்து தொடங்கினால் இடது மேல் மூலையில் ஒரு கட்டம் காலியாக நிற்கும். எல்லாரும் அங்கே விழுவார்கள், விழட்டும். நெட் இல்லாமல் ஓடும் பதிப்பை இங்கேயே ஏற்றிக்கொண்டு போ. மழையில் கரண்டும் சிக்னலும் உன்னைக் கேட்டுக்கொண்டா போகும்?

கட்டளைகளுக்குப் பெயர் அவர்கள் வீட்டுப் பேச்சில் இருக்கட்டும், நம் பாடப்புத்தகத் தமிழில் வேண்டாம். அட்டைத்துண்டில் எழுதி ஒட்டச் சொல். எழுத்தில் ஒரு குழி இருக்கிறது. காணிகளின் வாத்தியமான ‘கொக்கரை’ நமக்கு நாலு எழுத்து, ஸ்க்ராட்சில் நீளம் கேட்டால் 7 என்கும். கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று, புள்ளி ஒன்று, ஐகாரக் குறி ஒன்று என்று தனித்தனியாக எண்ணுகிறது. இரண்டாவது எழுத்தைக் கேட்டால் வெறும் குறி வந்து நிற்கும். பிள்ளை தன் பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் குப்பையாக வரும். பிள்ளை மேல் தப்பில்லை என்று அப்போதே சொல்லிவிடு.

கொக்கரை என்றதும் உனக்கு ஆசை வந்திருக்கும், தெரியும். அந்த இரும்புக் குழலைத் தேய்க்கிற தாளத்தைப் பதிந்து, திரும்பத் திரும்ப ஓடும் ‘லூப்’ பாடம் எடுக்கலாமே என்று. அது சாற்று என்னும் சடங்குக்கு உரியது, அதை நடத்தும் பிலாத்தியின் கையில் இருப்பது. ஊர்த்தலைவரான மூட்டுகாணியிடமும் பிலாத்தியிடமும் கேட்காமல் தொடாதே. வேண்டாம் என்றால் அதோடு விடு, ‘படிப்புக்காகத்தானே’ என்று இழுக்காதே.

மூலிகைப் பட்டியலைப் பிள்ளைகள் எக்செல்லில் சேர்க்கட்டும் என்று ஐந்தாம் பாடத்தில் எழுதியிருக்கிறாயே, அதை அடித்துவிடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1987-ல் அகத்தியமலையில் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிகள்தான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைக் காட்டினார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்து வந்து, ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கிடைத்த உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கு என்று முடிவாகி, அதற்கான அறக்கட்டளை பதிவாக 1997 ஆகிவிட்டது. உன் எக்செல் கோப்பு ஒரு பென்டிரைவில் மலை இறங்கினால் அதற்கு யார் பங்கு கேட்பது? மரச்சீனி, நல்லமிளகு விலையை வைத்து அட்டவணை பழக்கு. அரைக் கிலோவுக்கு வியாபாரி எவ்வளவு பிடிக்கிறான் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

அந்த முடைகிறவருக்கு வகுப்புக்கு வந்த நாளுக்குக் கூலி கொடு, சால்வை போதாது. அவரிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுது. இரட்டைப்படையில் பட்டை அமைந்துவிட்டால் சிலர் ஒரு பட்டையை நடுவே பிளந்து இரண்டாக்கி ஒற்றையாக்கிவிடுவார்கள். அவர் பிளக்கிறாரா, இல்லை அடியிலேயே ஒன்று கூடுதலாகச் செருகுகிறாரா?

உன்
மக்கா