கேள்வி எழுதப் போயிருக்கும் மருமகளுக்கு

அன்பு மருமகளே,

சென்னையில ஒரு டாக் ஷோவுக்குக் கேள்வி எழுதிக் குடுக்குற வேலையில சேர்ந்துட்டியாம், உங்க அம்மா சொன்னா. ரொம்ப சந்தோஷம். தெருவுல ஆளாளுக்கு அவளைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, "அந்த ஹீரோ நெசமாவே விக்கா, கேட்டுச் சொல்லச் சொல்லு"ன்னு லிஸ்ட் குடுத்துக்கிட்டு இருக்காங்க. எங்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருக்கு. போன்ல சொன்னா "சரி மாமா, சரி மாமா"ன்னு பாதியில வெச்சிருவ. அதான் ஊரறிய இங்கயே எழுதிட்டேன்.

உனக்கு என்ன மாமா தெரியும்னு கேக்கலாம். நான் விநியோகஸ்தர் ஆபீஸ்ல ரெப்பா இருந்தவன். எம்.ஆர். ஏரியா, அதாவது மதுரையும் பழைய ராமநாதபுரமும். படப்பெட்டி போற தியேட்டருக்கெல்லாம் பின்னாடியே போகணும். உசிலம்பட்டி, திருமங்கலம், மானாமதுரை, பரமக்குடி. கவுண்டர்ல உட்கார்ந்து டிக்கெட் நம்பரைச் சரிபார்த்து, டி.சி.ஆர். எழுதி, அதான் அன்னன்னிக்கு வசூல் கணக்கு, எங்க ஆபீஸுக்குச் சேர வேண்டிய ஷேர் பணத்தை இடுப்புல கட்டிக்கிட்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும். படம் வந்த வாரம் நடிகருங்க தியேட்டர் தியேட்டரா வருவாங்க. மேடையில அவங்க பேசுறது ரெண்டு நிமிஷம். அதுக்கு முன்னாடி மேனேஜர் ரூம்ல அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாங்க. அந்த அரை மணி நேரத்துல நான் பக்கத்துல இருந்திருக்கேன்.

அதுல ஒண்ணு சொல்றேன். நடிகர் பேரு வேண்டாம், இப்பவும் நடிச்சுக்கிட்டுதான் இருக்கார். ரெக்சின் கிழிஞ்ச சோபா, மேஜை ஃபேன், மேஜை மேல டிக்கெட் கட்டு. தியேட்டர் முதலாளி மகன் கேட்டான், "சார், மதுரை ரசிகர்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" "பாசக்கார ஜனங்க சார், மதுரைன்னாலே எனக்குத் தனி தெம்பு." காலையில திண்டுக்கல்லயும் இதையேதான் சொல்லியிருப்பார், ஊர்ப் பேரை மட்டும் மாத்தி. பையன் விடலை. "உங்க வாழ்க்கையில மறக்க முடியாத வலி எது சார்?" அதுக்கும் ஒண்ணு கைவசம் வெச்சிருந்தார். கோடம்பாக்கம், பசி, அம்மா அனுப்பின மணியார்டர். பொய்னு நான் சொல்லலை. ஆனா சொல்லிச் சொல்லி வழவழன்னு ஆகிப்போன கதை. எந்த இடத்துல குரலை இறக்கணும்னு அவருக்கே தெரியும்.

அப்ப மேல இருந்து ஆபரேட்டர் இறங்கி வந்தார். பனியனெல்லாம் மெஷின் எண்ணெய். வணக்கம்கூட வைக்கலை. "சார், ஏழாவது ரீல்ல மழை சீன் வருதுல்ல, அதுல மட்டும் உங்க குரல் வேற மாதிரி கேக்குது. வேற ஆள் பேசினதா?"ன்னார். மேனேஜருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. நடிகர் சோபாவுல காலை மடக்கி உட்கார்ந்து, "கண்டுபிடிச்சிட்டீங்களா"ன்னார். அப்புறம் அவரை நிறுத்த முடியலை. மழைக்கு லாரித் தண்ணி அடிச்சாங்களாம், அதுல ஒரே நாத்தமாம். ராத்திரி முழுக்க நனைஞ்சிட்டு காய்ச்சலோட டப்பிங் பேசப் போயிருக்கார். தொண்டை கட்டிக்கிச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க மைக்கை அணைக்க மறந்துட்டாங்க. "இவரு சரிப்படலை, வேற ஆளை வெச்சு முடிச்சிருவோம்"னு அவங்க பேசினது இவரோட ஹெட்போன்ல கேட்டிருக்கு. கேக்காத மாதிரி நின்னு, இருமலுக்கும் இருமலுக்கும் நடுவுல ஒவ்வொரு வரியாப் பேசி முடிச்சாராம். "இந்தப் படமும் போயிருந்தா ஊருக்குத்தான் கிளம்பியிருப்பேன்"னார். மேடைக்குக் கூப்பிட வந்த ஆளை ரெண்டு தடவை திருப்பி அனுப்பினார்.

மறக்க முடியாத வலி எதுன்னு கேட்டவனுக்கு மணியார்டர் கதைதான் கிடைச்சது. சவுண்டு ஏன் மாறுதுன்னு கேட்டவருக்கு முழு ஆளும் கிடைச்சார். நான் சொல்ல வர்றது இவ்வளவுதான் மருமகளே. மனசைக் கேக்காத, அதுக்கு மனப்பாடம்தான் வரும். வேலையைக் கேளு. எந்தப் பொருள், எந்தச் சத்தம், யாரு பக்கத்துல நின்னாங்க, அதைக் கேளு.

இன்னிக்கே யூடியூப்ல ரெண்டு பேட்டி பாரு. ரெண்டுலயும் ஒரே ஆள்தான், ஜெயலலிதா. 1999ல இந்தி நடிகை சிமி கரேவால் எடுத்தது ஒண்ணு. அதுல அந்தம்மா சின்ன வயசு ஆசையைச் சொல்றாங்க. கிரிக்கெட் வீரர் நாரி கான்ட்ராக்டரைப் பிடிக்குமாம், அவரைப் பார்க்குறதுக்காகவே டெஸ்ட் மேட்ச்சுக்கு பைனாகுலரோட போவாங்களாம். ஷம்மி கபூரைப் பத்தியும் சொல்றாங்க. ஒரு இந்திப் பாட்டைப் பாடியே காட்டுறாங்க. இன்னொண்ணு 2004ல பி.பி.சி.யோட ஹார்டு டாக்குக்காக கரண் தாப்பர் எடுத்தது. தொடங்கின நிமிஷத்துல இருந்து மல்லுக்கட்டு. கடைசியில, உங்களோட பேசினதுல எனக்கு மகிழ்ச்சி இல்லைன்னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டு, நமஸ்தே போட்டு முடிச்சிட்டாங்க.

தாப்பர் தைரியசாலி, சிமி வெண்ணெய்னு சொல்றவங்க இருக்காங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நாட்டை ஆளுற முதலமைச்சரைக் கிடுக்கிப்பிடி போட்டுக் கேக்கத்தான் வேணும், அது அவர் வேலை. நீ போயிருக்கிறது அந்த வேலைக்கு இல்லை. பாரு, ஒருத்தரைப் பிடிச்சிருந்துச்சுன்னு யாரு வேணும்னாலும் சொல்லலாம். பைனாகுலரை அப்படிச் சொல்ல முடியாது. அது நெசமாவே கையில இருந்திருந்தாத்தான் வாயில வரும். உன் நிகழ்ச்சியில ஒரு எபிசோடுக்கு ஒரு பைனாகுலர் வந்தாப் போதும், மீதியெல்லாம் பாட்டும் கிளாப்புமா இருந்துட்டுப் போகட்டும்.

விஜய் டிவி 'காபி வித்' நிகழ்ச்சியில அனு ஹாசன் காபி குடுத்ததையும், பிறகு டிடி குடுத்ததையும் நம்ம வீட்டுல உட்கார்ந்து பார்த்தவதானே நீ. அந்த சோபாப் பேச்சுல ஒரு வீட்டுத்தனம் இருந்துச்சு, அது எனக்குப் பிடிக்கும். இந்த ரேபிட் ஃபயர்தான் பிடிக்கலை. ரெண்டு பேரைச் சொல்லி யாரு பெரியவருன்னு கேக்குறது. எந்தப் பதில் சொன்னாலும் மறுநாள் ஒரு கோஷ்டி வையும். வந்த விருந்தாளியை மாட்டிவிட்டுட்டு கையில ஒரு கூடையைக் குடுத்து அனுப்புறது என்ன மரியாதையோ.

நடிகரோட பத்திரிகைத் தொடர்பைப் பார்த்துக்குற பி.ஆர்.ஓ. உனக்கு ஒரு தாள் அனுப்புவார். கல்யாணத்தைக் கேக்காத, பழைய காதலைக் கேக்காத, ஊத்திக்கிட்ட படத்தைக் கேக்காத. எரிச்சலா இருக்கும். சூதானமா அந்தத் தாளை மதிச்சு நட. நெசமாச் சொல்றேன், அதுல இருக்கிற ஒண்ணும் உனக்குத் தேவைப்படாது. டப்பிங்கைக் கேக்காத, மேக்கப் எத்தனை மணி நேரம்னு கேக்காத, செட்டுல யாரோட உட்கார்ந்து சாப்பிட்டாருன்னு கேக்காதன்னு எந்த பி.ஆர்.ஓ.வும் எழுதினதில்லை. சரக்கு அங்கதான் கிடக்கு.

தமிழ் சினிமாவுல அந்த பி.ஆர்.ஓ. வேலை தொடங்கினதே 1958ல வந்த 'நாடோடி மன்னன்' படத்துலதான், ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் மூலமா. வேடிக்கை என்னன்னா, அந்தப் படத்தை எடுத்த எம்.ஜி.ஆர். அப்ப எதையும் மூடி மறைக்கலை. படம் ஜெயிச்சா நான் மன்னன், தோத்தா நாடோடின்னு வெளிப்படையாவே சொன்னார். போட்ட காசு அவர் காசு. படம் ஓடுச்சு, நம்ம தமுக்கம் மைதானத்துல விழா எடுத்து தங்க வாள் குடுத்தாங்க. இன்னிக்குப் படம் வர்ற வாரம் சோபாவுல வந்து உட்கார்றவங்கள்ல யாரு இப்படிச் சொல்றா? "டீம் எஃபர்ட்"ங்குறாங்க, "ஃபேமிலியோட வந்து பாருங்க"ங்குறாங்க. காசைப் பத்திக் கேக்குறது தப்பில்லைத்தா. எவ்வளவு சம்பளம்னு கேக்காத, அது வம்பு. இந்தப் படம் ஓடலைன்னா நாளைக்குக் காலையில உங்களுக்கு முதல்ல யாருகிட்ட இருந்து போன் வரும்னு கேளு.

சாப்பாடுன்னு சொன்னேன்ல. 2023 டிசம்பர் 28ல விஜயகாந்த் இறந்துபோனப்ப எத்தனை பேரு அழுதுக்கிட்டே பேட்டி குடுத்தாங்க, நீயும் பார்த்திருப்ப. எங்க தொடங்கினாலும் கடைசியில சோத்துலதான் வந்து நின்னாங்க. ஹீரோவுக்கு என்ன சாப்பாடோ லைட்மேனுக்கும் அதே சாப்பாடுன்னு அவர் வெச்சிருந்ததைச் சொல்லாத ஆள் இல்லை. அரிசி மில்லு வெச்சிருந்தவர் மகன், மதுரைக்காரர், வேற எப்படி இருப்பார்னு நம்மூர்ல பெருமையாச் சொல்லிக்குவோம். அவர் நல்லவரான்னு யாரும் கேக்கலை. கேட்டிருந்தா "தங்கமான மனுசன்"னு ஒரே வரியில முடிஞ்சிருக்கும்.

வடிவேலு உங்க நிகழ்ச்சிக்கு வந்தா, எத்தனை பேரு அவர்கிட்ட "உங்க காமெடி எப்படி சார் வருது?"ன்னு கேட்டிருப்பாங்கன்னு நினைச்சுப் பாரு. மதுரையில போட்டோவுக்கு பிரேம் போட்டு, கண்ணாடி வெட்டின கை அது. கண்ணாடி சரியா வெட்டுப்பட்டா என்ன சத்தம் வரும், கோணலாப் போனா என்ன சத்தம் வரும்னு கேட்டுட்டு நீ பேசாம இரு. அவர் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுவார், கடைக்கு வந்த ஆளா நடிப்பார், திட்டின முதலாளியாவும் நடிப்பார். கேமராமேனை மட்டும் ரெடியா இருக்கச் சொல்லு.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2019 ஜனவரியில கரண் ஜோஹரோட காபி நிகழ்ச்சியில ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் வந்தாங்க. பாண்டியா பொம்பளைங்களைப் பத்திப் பேசினது கேவலமான பேச்சு, அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை. ஆஸ்திரேலியா டூர்ல இருந்து ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பினாங்க. பிறகு ஆளுக்கு 20 லட்சம் அபராதம். ஹாட்ஸ்டார்ல இருந்து அந்த எபிசோடையே தூக்கிட்டாங்க. என் நிகழ்ச்சிதானே, எனக்கும் பொறுப்பு இருக்குன்னு கரண் ஜோஹர் பிறகு சொன்னார். ஒளிபரப்பான பிறகு சொல்லி என்ன பண்றது? நான் அந்த எடிட் ரூமைத்தான் யோசிக்கிறேன். ஷூட்டிங் முடிஞ்சு, வெட்டி ஒட்டி, பின்னணி இசை சேர்த்து, எத்தனை பேரு பார்த்திருப்பாங்க. ஒருத்தருக்குமா உறுத்தலை? மனம் திறந்த பேட்டி, மனம் திறந்த பேட்டின்னு நாம வாயைக் கிளறுறோம். அதுல ஒரு ஆள் தன் அசிங்கத்தையும் சேர்த்துத் திறந்து காட்டும்போது, எதுத்தாப்புல இருக்கிறவங்க சிரிச்சா அது சரிதான்னு ஆகிப்போகும். கேள்வி எழுதுறவ நீ. சிரிக்கக் கூடாத இடம் வந்தா, அடுத்து என்ன கேக்கணும்னும் சேர்த்து எழுதி வை.

எடிட் ரூம்னு வந்ததால இதையும் சொல்லிடுறேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி விருந்தாளி ஒரு தடவை கீழ பார்ப்பார், தண்ணி டம்ளரை நகர்த்துவார். எடிட்டர் அதை வெட்டிட்டு அந்த இடத்துல ஆடியன்ஸ் சிரிக்கிறதையும் ஒரு 'டொய்ங்' சத்தத்தையும் வைப்பார். போராடு. எல்லாத்துக்கும் முடியாது, ஒண்ணு ரெண்டுக்காவது போராடு.

தம்ப்நெயில் நம்மூர் சுவர் போஸ்டரோட பேரப்பிள்ளை. "கதறி அழுத நடிகை"ன்னு போட்டிருப்பாங்க, உள்ள போய்ப் பார்த்தா வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருக்கும் அந்தப் பொண்ணு. எங்க காலத்துலயும் இந்தச் சேட்டை உண்டு. படத்துல இல்லாத ஸ்டில்லைப் போஸ்டர்ல ஒட்டிருவாங்க. மேட்னி விட்டதும் படம் பார்த்தவன் நேரா கவுண்டருக்கு வருவான், "அந்தப் புலி எங்கடா?"ன்னு. போஸ்டர் அடிச்சவன் சென்னையில இருப்பான், அடி வாங்குறது டிக்கெட் கிழிக்கிறவன். உன் கேள்விக்கு நல்ல பதில் குடுத்த நடிகைக்கும் அந்த நிலைமைதான் வரும். தலைப்பு வைக்கிற பையனோட சிநேகமா இரு, டீ வாங்கிக் குடு.

நீ அம்மாவுக்கு வாட்ஸாப்புல அனுப்பின மாதிரிக் கேள்விகளை அவ எனக்குக் காட்டினா, கோவிச்சுக்காத. 'உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன' — அடிச்சிரு. 'காதல் தோல்வி உண்டா' — அடிச்சிரு. 'அடுத்த பிறவியில் யாராகப் பிறக்க ஆசை' — ஏத்தா, இந்தப் பிறவியே இன்னும் கேட்டு முடியலை. 'டூப் போடாமல் நடித்த சண்டையில் முதல் அடி எங்கே பட்டது, செட்டில் யார் ஓடி வந்தார்கள்' — இது உன் சொந்தக் கேள்வின்னு பார்த்ததுமே தெரிஞ்சுச்சு. இதைக் கொண்டுபோய் ஒன்பதாவதா வெச்சிருக்கியே! அது வர்றதுக்குள்ள நடிகரோட மேனேஜர் வாட்சைப் பார்க்க ஆரம்பிச்சிருவார். முதல்ல வை. 'யார் ஓடி வந்தார்கள்'ங்கிறதைத் தனியாப் பிரிச்சு, அடி பட்ட கதை முடிஞ்ச பிறகு கேக்கச் சொல்லு. ஓடி வந்தவங்களைச் சொல்லும்போது வராதவங்க பேரும் தானா வரும்.

ஞாயித்துக்கிழமை உனக்கு ஷூட்டிங் இல்லைன்னு அம்மா சொன்னா. மத்தியானம் கூப்பிடுறேன், மீதிக் கேள்விகளையும் எடுத்து வெச்சுக்கோ.

அன்புடன்,
உன் மாமா
மதுரை