பிடிச்சுத் தைக்க இடமிருக்குது கண்ணு

எல்லாருக்கும் வணக்கம்.

பாப்பா பிறந்து இன்றோடு 23 நாள். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் குடித்தவள் ஏப்பம் விடாமல் தோளிலேயே தூங்கிவிட்டாள். படுக்க வைத்தால் விழித்துக்கொள்வாள். அதனால் ஒற்றைக் கையால் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அது அவள் கணக்கு.

பிள்ளைக்காகக் காத்திருந்த அந்த ஆறு வருடக் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கூடவே இருந்தவர்கள், மீதிப் பேர் அரசல்புரசலாகக் கேட்டவர்கள். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினேன். பட்டியல் நீளமாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு முறை எண்ணும்போதும் முதலில் வந்து நின்றது எங்கள் வீதி முக்கில் இருக்கிற தையல் அக்கா.

ஈரோடு கருங்கல்பாளையத்தில் இருக்கிறவர்களுக்கு அவர் கடை தெரியும். ஒரே ஒரு மெஷின், ஒரு பெஞ்சு, ஆணியில் தொங்கும் ஜாக்கெட் துணிகள், மூலை மடங்கிப்போன ஒரு அளவு நோட்டு. ரெண்டு வருஷத்துக்கு முன் பங்குனியில் ஒரு நாள், வேலைக்குப் போட்டுப் போகிற நீலச் சுடிதாரை எடுத்துக்கொண்டு போனேன். ஜவுளிக் கடையில் கணக்கு வேலை எனக்கு. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். வயிற்றுப் பக்கம் இறுக்கி, உட்கார்ந்தால் மூச்சு முட்டியது. பிரித்து விடச் சொன்னேன்.

அக்கா துணியை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு முறை பிரித்திருந்தார். பிரித்த தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. மடிப்புக்குள் இருந்து வெளியே வந்த துணி மட்டும் வெளுக்காமல் கருநீலமாகவே இருந்தது. விரலால் ஓரத்தைத் தடவிவிட்டுச் சொன்னார்: "இதுல இனி விடறதுக்குத் துணி இல்ல கண்ணு. ஆனா பிடிச்சுத் தைக்க எவ்வளவு வேணும்னாலும் இடமிருக்குது."

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அன்றைக்குக் காலையில்தான் ஒரு ஸ்கேன் சென்டரில், வரிசையில் நாலு பேர் நிற்க, "உடம்பைக் குறைக்காம ஸ்கேனுக்கு மட்டும் வந்துட்டே இருந்தா என்ன பிரயோஜனம்?" என்று கேட்டிருந்தார்கள். அக்காவுக்கு அது தெரியாது. என்ன ஏது என்று கேட்கவும் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் நோட்டைப் புரட்டி என் பக்கத்தைக் காட்டினார். கல்யாணமான புதிதில் இடுப்பு 34. அடுத்த சுடிதாருக்கு 36½. அன்றைக்கு டேப் வைத்துப் பார்த்தபோது 39½.

"மாசம் ஒருக்கா வந்துட்டுப் போ. நான் டேப் போட்டு எழுதி வெக்கறேன். எடை மெஷின் பக்கம் போகாதே. எனக்குச் சர்க்கரை வந்தப்ப நர்ஸம்மா வயித்தத்தான் அளந்தாங்க."

இவ்வளவுதான் அவர் செய்தது. பதினாலு மாதம், மாதத்தின் முதல் ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணி. "மூச்ச விட்டுட்டு நில்லு. வயித்த உள்ள இழுக்காதே, டேப்புகிட்டப் பொய் சொல்லக் கூடாது." தொப்புளுக்கு நேராக டேப், தளர்வாகவும் இல்லாமல் இறுக்கியும் இல்லாமல். தேதி போட்டு எண்ணை எழுதுவார். குறைந்தால் சிரிக்க மாட்டார், கூடினால் முகம் மாறாது. முதல் மாதம் பத்து ரூபாய் நீட்டினேன். "தைக்காத துணிக்குக் கூலியா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த டேப் எனக்கு என்ன செய்தது என்பது பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனை, உள்ளவர்களுக்குப் புரியும். என் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுச் சொல்லியிருந்தார். நீர்க்கட்டி என்று நாம் சொல்கிறோமே, அது கட்டியே இல்லை. வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள், 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கும். என் உடம்பில் இன்சுலின் சொல்பேச்சைத் தசை கேட்பதில்லை, அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிச்ச இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டிவிட, முட்டை முதிராமல் நின்றுவிடுகிறது. கழுத்தில் இருந்த கருப்பும் தாடையில் முளைத்த முடியும் அந்த ஒரே கணக்கின் பாக்கிகள்தான். நான் வருடக்கணக்காகக் கழுத்தைப் பயத்தமாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்!

எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே நிறையப் பேருக்கு முட்டை வெளிவரத் தொடங்கும் என்றும் டாக்டர் சொன்னார். நான் 78 கிலோ. ஐந்து சதவீதம் என்றால் வெறும் நாலு கிலோ. இருபது கிலோ குறைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எதையுமே ஆரம்பிக்காமல் இருந்தேன்.

ஆரம்பித்த பின்னும் எடை மெஷின் நகரவில்லை. இரண்டு மாதத்தில் அரைக் கிலோ. பழைய நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். ஆனால் அக்கா நோட்டில் 39½ என்பது 38½ ஆகியிருந்தது. நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, தண்ணீர் கேன் தூக்கித் தசை கொஞ்சம் ஏற, வயிற்றுக் கொழுப்பு கரைந்தால் மெஷினுக்குத் தெரியாது, டேப்புக்குத் தெரியும். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்பார்கள், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். நான் இன்றுவரை அதைத் தொடவில்லை. தொடாமலே உடம்பு இரங்கி வந்தது.

அந்த வருடத் தீபாவளி முடிந்து போனபோது அரை அங்குலம் கூடியிருந்தது. அந்த மாதம் தூரமும் (மாதவிலக்கும்) வரவில்லை. நோட்டைப் பார்க்கவே கூசியது. அக்கா எழுதிக்கொண்டே, "தீபாவளி எல்லா நோட்டுலயும் வந்துட்டுத்தான் போகுது" என்றார். உண்மைதான், அடுத்த பக்கத்து ஆளுக்கும் கூடியிருந்தது.

அந்தப் பதினாலு மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "இறுக்கமா, லூசா?" அவ்வளவுதான். "விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று ஒரே கல்யாண மண்டபத்தில் ஒரே மத்தியானம் ஏழு பேர் கேட்ட ஊர் இது. பாயசம் பரிமாற வந்தவர் உள்பட. அந்த ஊரில்தான் மாதாமாதம் என் வயிற்றில் கை வைத்து அளந்த ஒருவர், அதைக் கேட்கவே இல்லை.

மற்ற எல்லாருக்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிடுகிறேன், கோவிக்க வேண்டாம். முதல் பரிசோதனையைத் தானே முன்வந்து கொடுத்த என் வீட்டுக்காரருக்கு. "அவளுக்குத்தானே பிரச்சனை" என்று யாரும் வாய் திறக்கும் முன்பே ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். அரிசிம்பருப்புச் சோற்றில் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி, "இதுவும் நல்லாத்தான் இருக்குது" என்று எனக்காகப் பொய் சொன்ன மாமியாருக்கு. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லி வாரம் மூன்று நாள் கொள்ளு கடைந்தது அவர்தான். தட்டில் முதலில் பொரியலும் கொள்ளும், கடைசியில் கைப்பிடிச் சோறு என்பது எங்கள் வீட்டுச் சட்டமானது. ராகிக் களியும் சாமைச் சோறும் நல்லதுதான், ஆனால் உருண்டை பெரிதானால் அதுவும் சர்க்கரையை ஏற்றும் என்று சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். விடியற்காலை ஐந்தரைக்கு வாசலில் நின்று ஹாரன் அடித்து, வ.உ.சி. பூங்காவுக்கு இழுத்துப்போன நடைத் தோழிகளுக்கு. சர்க்கரை போடாத டீயைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்த கடைப் பையனுக்கு. கழற்சிக்காய்ப் பொடியும் மலைவேம்புச் சாறும் கொடுத்தனுப்பிய அத்தைமார்களுக்கும் நன்றி. அன்பை எடுத்துக்கொண்டேன், பொடியை எடுத்துக்கொள்ளவில்லை. கருவுக்காகக் காத்திருக்கிற வயிற்றுக்குள் அளவு தெரியாத எதையும் போட எனக்குப் பயம்.

டாக்டருக்குத் தனியாக ஒரு வரி. மாதவிலக்கு 38 நாளுக்கு ஒருமுறை என்று ஒழுங்கானபோது, செல்போன் ஆப் காட்டிய பதினாலாம் நாளை நம்பி நாங்கள் இருந்தோம். முட்டை வெளிவருவது அடுத்த தூரத்துக்குச் சுமார் பதினாலு நாள் முன்பு, முன்னாலிருந்து எண்ணக் கூடாது, பின்னாலிருந்து எண்ண வேண்டும் என்று அவர்தான் சொன்னார். அதாவது எனக்கு இருபத்து நாலாம் நாள் வாக்கில். எத்தனை மாதம் தப்பான வாரத்தில் விரதம் இருந்தோமோ!

இப்போது எல்லாரும் கேட்கிறீர்கள், "இயற்கையாவே நின்னுச்சாமே, என்ன சாப்பிட்டே?" என்று. இதைக் கேட்கும்போதுதான் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் தூரம் வராமல் இருந்தால் கர்ப்பப்பை உள்சுவருக்கு நல்லதில்லை என்று ஆரம்பத்தில் வரவழைக்க மாத்திரை போட்டிருக்கிறேன். ஃபோலிக் அமிலம் தினமும் போட்டேன். தைராய்டு பார்த்தேன். முட்டை வளர மாத்திரை தேவைப்படவில்லை, அது என் சாமர்த்தியம் இல்லை. என்னோடு அதே பூங்காவில் அதே சுற்று நடந்த தோழிக்கு லெட்ரோசோல் என்ற அந்த முட்டை வளர்க்கும் மாத்திரையைக் கொடுத்த பின்தான் நின்றது. அவள் என்னைவிட ஒழுங்காகச் சாப்பிட்டவள். இன்னொருத்தி ஒல்லிக்குச்சி, குறைக்க எடையே இல்லை, அவளுக்கும் இதே பிசிஓஎஸ்தான். அதனால் என் பெயரைச் சொல்லி, "பாரு, அவ மருந்தில்லாமலே பெத்துக்கலையா" என்று யாரையும் குத்த வேண்டாம். கேட்டுக்கொள்கிறேன்.

இனி எந்தப் பெண்ணிடமும் அந்த "விசேஷமா" கேள்வியைக் கேட்க மாட்டேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தாலும், பஸ்ஸில் கூட வந்தாலும், பேச வேறு விஷயமே இல்லாவிட்டாலும். பாப்பா தலையில் கை வைத்து இதைச் சொல்கிறேன், அவள் இப்போது வசதியாகத் தோளில்தான் இருக்கிறாள்.

கடைசியாக அளந்தது 36. அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். வீட்டில் நாங்கள் இருவர் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அக்கா டேப்பை எடுத்தார், என்னைப் பார்த்தார், சுருட்டி வைத்துவிட்டார். "இன்னைக்கு வேண்டாம் கண்ணு, மூணு மாசம் போகட்டும்." வீட்டுக்கு வரும் வழியில்தான் கவனித்தேன், என் கை தன்னையறியாமல் வயிற்றின் மேல் இருந்தது.

ஐந்தாம் மாதம் அதே நீலச் சுடிதாரைக் கொண்டுபோனேன். இந்த இடைவெளியில் அவர் மூன்று தையல் பிடித்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிளேடு வைத்துப் பிரித்துக்கொண்டே, "இப்ப விடறதுக்கு நெறையத் துணி இருக்குது" என்றார். ஏழாம் மாதம் சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அது சகஜம் என்று சாப்பாட்டிலேயே சமாளித்தார்கள். ஆறு வாரம் முடிந்ததும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து மறுபடி பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் விட்டுப்போகிற நோய் இல்லை பிசிஓஎஸ். ஐந்தரை மணி ஹாரன் தோழிகளே, சீக்கிரம் வருகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் பழைய வாயில் பருத்திச் சேலை ஒன்று, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போனது. பாப்பாவுக்குச் சட்டை தைக்க, பிறக்கும் முன்பே தைக்கக் கூடாது என்று எடுத்து வைத்திருந்தாராம். நோட்டையும் கொண்டுவந்திருந்தார். தூங்குகிறவளின் கைக்கு அடியில் டேப்பை நுழைத்து மார்பைச் சுற்றினார்.

"பதிமூணரை. பேரு வெச்சாச்சா? என்னன்னு எழுதறது?"

"இன்னும் இல்லீங்க்கா."

"சரி, உன் பேருக்குக் கீழேயே எழுதிக்கறேன்" என்று 36க்கு அடியில் ஒரு கோடு போட்டு, பாப்பா, 13½ என்று எழுதினார்.